ஆறடி ஒன்பது அங்குலம்

டிராக்டர் வாங்கப் போகிறவர்களில் பாதிப் பேர் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். மீதிப் பாதிப் பேர் மச்சான் என்ன வாங்கினாரோ அதைவிட ஒரு சுற்றுப் பெரியதாக வாங்குகிறார்கள். எந்த நிலத்தில் ஓடப்போகிறது, எதைத் தூக்கப்போகிறது என்ற யோசனையெல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் வரும். வந்ததும் நேரே வெல்டரின் பட்டறையில் வந்து நிற்பார்கள். பக்கெட் கோணிவிட்டது, கொக்கி பிய்த்துக்கொண்டது, இதை நீட்டிக் கொடு, அதைச் சுருக்கிக் கொடு என்று. முப்பது வருடமாக வெல்டருக்கு அதுதான் பிழைப்பு. அடுத்தவர் அவசரப்பட்டுச் செய்ததற்கு ஒட்டுப் போடுகிற பிழைப்பு.

வேலை சுத்தம் என்று ஊரில் பெயர். அவர் ஒட்டினால் ஒட்டின இடம் தெரியாது, வெட்டினால் வெட்டின இடம் தெரியாது. தேய்த்து, வழவழப்பாக்கி, மேலே பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டால் வண்டிக்காரனே எந்த இடம் என்று தேடுவான். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய்.

ஒரு நாள் காலையில் அண்ணி பட்டறைக்கு வந்தாள். பின்பக்கம் பைப்புகளைச் சாய்த்து வைத்திருந்த பழைய இரும்பு வளைவில் தன் துணிப்பையை மாட்டிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு அண்ணி."

"தம்பி, ஒரு டிராக்டர் வாங்கணும். முன்னால அள்ளிக் கொட்டற லோடர் வெச்சது. நீதான் கூட வந்து பாத்துக் குடுக்கணும்."

வெல்டர் கையிலிருந்த கிரைண்டரைக் கீழே வைத்தார். "ஓட்டுறது யாரு?"

"ஏன், நான் ஓட்ட மாட்டேனா? ரெண்டு மாசமா வாடகை வண்டிக்காரன் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டேன். அவன் நாளைக்கு வர்றேன்னா அந்த நாளைக்கு எப்ப வரும்னு அவனுக்கே தெரியாது. மழை பாதையை அரிச்சுட்டுப் போயிடுச்சு. சரளை போட்டு நிரவணும். மாட்டுச் சாணம் மலையாட்டம் கீழ குவிஞ்சு கிடக்கு, மரமெல்லாம் மேல நிக்குது. போன காத்துல விழுந்த ரெண்டு மரம் இன்னும் விழுந்த இடத்துலயே கிடக்கு. கூடையில அள்ளி எத்தனை நாளைக்கு ஏறி இறங்குவேன்?"

நியாயமான பேச்சுதான். எட்டு ஏக்கர் சரிவு நிலம், பாதி பழமரம், பாதி புல், ஏழெட்டு மாடு. ஐம்பத்தாறு வயது அண்ணி அதைத் தன்னந்தனியாகப் பார்க்கிறாள். பிள்ளை குட்டி கிடையாது. அண்ணன் போய் நாலு வருடம் ஆகிறது. ஆனால் அண்ணன் போனதே டிராக்டரில்தான்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். அண்ணன் ஈரச் சரளையைப் பக்கெட் நிறைய அள்ளிக்கொண்டு சரிவில் இறங்கியிருக்கிறார். பக்கெட்டை முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். முன்னால் வழி மறைக்கிறது என்று அதைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். இடது சக்கரம் அரிப்புப் பள்ளத்தில் இறங்கியது. மேலே கனம், கீழே பள்ளம். வண்டி சாய்ந்து, சாய்ந்த வேகத்தில் குப்புறப் புரண்டது.

ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தலைக்கு மேலே போகிற மாதிரி ஒரு இரும்பு வளைவு லோடர் வண்டிகளில் நிற்கும். வண்டி புரண்டால் அந்த வளைவு தரையில் முட்டி நிறுத்தும், ஆள் நசுங்க மாட்டார். அண்ணனின் வண்டியில் அந்த வளைவு இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி அண்ணியை வைத்துக்கொண்டே சொன்னார்: "அது மட்டும் இருந்திருந்தா கை கால் முறிவோட தப்பிச்சிருப்பார்மா."

அண்ணி அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். வளைவு இல்லாத வண்டியை விற்றவன் யார்? மீசைக்காரர். மெயின் ரோட்டில் பழைய டிராக்டர்களை வாங்கி விற்கிறவர். மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்க அவர் வந்தபோது அண்ணி வாசற்படியிலேயே மறித்துவிட்டாள்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இங்க வந்தே?"

"அம்மா, நான் வளைவோடதாம்மா குடுத்தேன்."

"அப்ப அது என்ன, காத்துல கரைஞ்சு போச்சா?"

மீசைக்காரர் அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற வெல்டரைப் பார்த்தார். இந்த ஊரில் இரும்பை அப்படி அடையாளம் தெரியாமல் வெட்டுகிற கை எது என்று அவருக்குத் தெரியாதா என்ன? வெல்டர் தரையைப் பார்த்தார். மீசைக்காரர் அப்படியே திரும்பிப் போனார்.

ஆமாம், வெட்டியது வெல்டர்தான். சொந்தத் தம்பி.

வண்டி வாங்கின அன்றைக்கே நடந்தது அது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணன் மீசைக்காரரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்கு வந்தார். "ஷெட்டு வாசல் ஆறடி ஒம்பது அங்குலம்டா. இந்த வளைவு இடிக்கும். மழைக்கு முன்னால வண்டிய உள்ள ஏத்தணும், வெட்டி விடு." போல்ட்டைக் கழற்றி எடுக்கலாம் என்றால் துரு ஏறி இறுகிக் கிடந்தது. வாசலை உயர்த்தலாமே என்று வெல்டர் வாயெடுத்ததும் அண்ணன் சிரித்தார். வாசலுக்கு மேலே குறுக்கே கிடந்த அந்த லிண்டல் அவரே கம்பி கட்டி, கான்கிரீட் கலந்து போட்டது. "என் லிண்டல இடிக்கச் சொல்றியா? ரெண்டு காலு, ரெண்டு வெட்டு, போடுறா." வெல்டர் வெட்டினார். இருபது நிமிட வேலை. வெட்டின முனையை மட்டமாகத் தேய்த்து, குழாய் ஓட்டையை அடைத்து, வண்டியின் நிறத்துக்கே பெயிண்டும் அடித்தார். அண்ணன் விரலால் தடவிப் பார்த்து, "பெறந்ததுல இருந்தே இப்படித்தான் போல" என்று பாராட்டிவிட்டுப் போனார். வெல்டர் வாழ்க்கையில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலையும் அமையவில்லை. அதிகாரியே கண்டுபிடிக்கவில்லை என்றால் பாருங்கள்.

சொல்லியிருக்கலாம். மீசைக்காரர் வந்து போன அன்றைக்கு மாலையே சொல்லியிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம், அழுது ஓயட்டும் என்று தள்ளினார். பிறகு மாதம் ஆனது, வருடம் ஆனது. பக்கெட்டைத் தூக்கியது அண்ணன் தப்புதானே என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடியும் பார்த்தார். அண்ணியோ மீசைக்காரர் பெயரை எடுத்தாலே மண்ணை வாரித் தூற்றாத குறைதான். அவருடைய வண்டி அந்தப் பக்கம் போனால் வாசலில் நின்று காறித் துப்புவாள். அப்படித் துப்பும்போதெல்லாம் அது தன் மேலேயே விழுவது போல இருக்கும் வெல்டருக்கு. துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு வீடு திரும்புவார்.

அவருக்குப் பயம். அதுதான் உண்மை. அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது வெல்டருக்குப் பதினோரு வயது, தாய் இல்லை. சட்டைக்குப் பொத்தான் தைத்ததும் காய்ச்சலுக்குக் கஞ்சி கொடுத்ததும் அவள்தான். இவன் பொய் சொன்னால் காது சிவக்கும் என்று வந்த ஒரே வாரத்தில் கண்டுபிடித்தவளும் அவள்தான். இந்த உலகத்தில் அவரைத் 'தம்பி' என்று கூப்பிட அவள் ஒருத்திதான் மிச்சம். அதையும் இழந்துவிட்டால் என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து வெல்டரின் வேனில் கிளம்பினார்கள். அண்ணி அளக்க டேப் கொண்டு வந்திருந்தாள், தையல்காரர் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு.

முதல் கடையில் நின்றது யானை. அதன் சக்கரமே அண்ணி உயரம். "இது நம்ம மரத்துக்கு நடுவுல நுழையுமா தம்பி?" நுழையாது. நுழைந்தால் மரம் இருக்காது. அங்கிருந்து வந்துவிட்டார்கள்.

இரண்டாவது கடையில் புத்தம் புதியதாக ஒரு குட்டி வண்டி. லோடர் பொம்மை மாதிரி அழகாகப் பொருத்தியிருந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், டேப்பை விரித்தாள். வளைவின் உச்சி ஷெட்டு வாசலைவிட உயரம். கடைக்காரர் ஓடி வந்து ஒரு பூட்டு ஆணியை உருவி, வளைவைப் பின்பக்கமாக மடக்கிக் காட்டினார். "பாருங்கம்மா, மடக்கிட்டா எந்த ஷெட்டுக்குள்ளயும் போயிடும்."

அண்ணி மறுபடியும் அளந்தாள். முகம் மலர்ந்தது. "ஆறடி ஏழு. நம்ம ஷெட்டு வாசல் ஆறடி ஒம்பது அங்குலம். அதுக்குள்ள அடங்குது தம்பி. இதையே முடிச்சிடலாம்."

ஆறடி ஒன்பது அங்குலம். நாலு வருடத்துக்கு முன்னால் இன்னொரு வாயிலிருந்து கேட்ட அதே கணக்கு. வெல்டர் வளைவைப் பிடித்து மறுபடி நிமிர்த்தி நிறுத்தினார்.

"இது வேண்டாம் அண்ணி. எடை பத்தாது. பக்கெட் நிறைய சரளைய அள்ளினா பின்சக்கரம் தரைய விட்டுத் தூக்கும். சரிவுல அது ஆகாது. அதோட இந்த வளைவ மடக்குனீங்கன்னா, நிமித்த மாட்டீங்க. இன்னைக்கு நிமித்துவீங்க, நாளைக்கு நிமித்துவீங்க. ஒரு வாரத்துல சோம்பல் வந்துரும். மடக்கின வளைவும் இல்லாத வளைவும் ஒண்ணுதான்."

"சின்னதுங்கற, பெருசுங்கற. அப்ப எதைத்தான் வாங்கறது?"

எதை வாங்குவது என்று வெல்டருக்குத் தெரியும். நேற்றே போய்ப் பார்த்து வைத்துவிட்டார். நடுத்தர வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். சக்கரங்களை அகலமாகப் போட்டிருந்ததால் சரிவில் காலைப் பரப்பி நிற்கும். பின்சக்கரம் தூக்காமல் இருக்கப் பின்னால் எடைக்கட்டி மாட்ட வசதி. லோடரின் கைகள் தாழ்வாக இருந்ததால் பக்கெட்டைத் தூக்காமலே வழி தெரியும். வளைவு மடங்காதது, உயரம் ஏழடி பத்து அங்குலம். நிற்கிற இடம் மீசைக்காரரின் முற்றம்.

வேன் மெயின் ரோட்டில் போனது. மீசைக்காரரின் இடம் வந்ததும் அண்ணி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெல்டர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார்.

"இங்க எதுக்கு நிறுத்தற? இவன் வாசல்ல நான் காலெடுத்து வைப்பேன்னு நெனச்சியா?"

"அண்ணி, அவர் பொய் சொல்லல."

"எவரு?"

"மீசைக்காரர். வளைவோடதான் குடுத்தாரு. அண்ணன் நேரா பட்டறைக்கு வந்தாரு. ஷெட்டுக்குள்ள போகாதுன்னாரு. நான்தான் வெட்டினேன்."

சொல்லிவிட்டார். நாலு வருடம் சொல்லாதது, சொல்ல ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பக்கத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து மடியில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"அவரே கேட்டாரா?"

"ஆமா அண்ணி."

"நீ வேண்டாம்னு சொன்னியா?"

"வாயெடுத்தேன். அவர் சிரிச்சாரு. அதோட விட்டுட்டேன்."

"மீசைக்காரர் அன்னைக்குத் துக்கத்துக்கு வீட்டுக்கு வந்தப்ப நீ என் பக்கத்துல நின்னே."

"நின்னேன்."

"அந்த வளைவு எங்க?"

"பட்டறைக்குப் பின்னால. பைப்பு சாய்ச்சு வெச்சிருக்கேன்ல, அது. எடைக்குப் போட மனசு வரல."

"அதுலதான் நான் பையை மாட்டினேன்" என்றாள் அண்ணி.

கதவைத் திறந்து இறங்கினாள். வந்த வழியே ரோட்டோரமாகப் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள். வெல்டர் கூப்பிடவில்லை. கூப்பிட எந்த முறையைச் சொல்லிக் கூப்பிடுவது?

பத்தொன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு சாத்தியிருந்தது, உள்ளே பாத்திரச் சத்தம் கேட்டது. வெல்டருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் கை போகவில்லை. ஒரு கேட்டுக்குக் கீல் வைத்ததைத் தலைகீழாக வைத்துவிட்டார். முப்பது வருடத்தில் அப்படி நடந்ததில்லை. அவர் மனைவி, "சொன்னது நல்லதுதான், சொல்ல எடுத்துக்கிட்ட நேரந்தான் நல்லால்ல" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், மருந்தை உப்பில் குழைத்துக் கொடுப்பாள்.

பத்தொன்பதாம் நாள் மீசைக்காரர் பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"உங்க அண்ணி வந்தாங்க."

வெல்டர் எழுந்து நின்றார்.

"ரெண்டு நிமிஷம் என் எதிர்ல சும்மா நின்னாங்க. அப்புறம் கைய எடுத்துக் கும்பிட்டாங்க. எனக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. தம்பி பாத்து வெச்ச வண்டியக் காட்டுங்கன்னாங்க. காட்டினேன். ஓட்டிப் பாத்தாங்க. எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"நாலு வருஷம் நீங்க வாயத் திறக்கலியே" என்றார் வெல்டர்.

"திறந்தேனே ஒரு தடவை. நீதான் தரையப் பாத்தே." மீசைக்காரர் வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சொல்ல வேண்டிய ஆளு நான் இல்லப்பா. உன்னை விட்டா அந்தம்மாவுக்கு யாரு இருக்கா? அதான் போகட்டும்னு விட்டேன். ஆனா ஒண்ணு, அந்தப் பக்கம் போறப்பல்லாம் எனக்கு வயிறு எரிஞ்சது. அதையும் நீ தெரிஞ்சுக்கணும்."

வெல்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தை சின்னதாகத் தெரிந்தது, இருந்தும் அதைத்தான் சொன்னார். மீசைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அண்ணியிடமிருந்து போன். "கட்டிங் மெஷின எடுத்துக்கிட்டு வா." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

வெல்டர் போனபோது புது வண்டி ஷெட்டுக்கு வெளியே திறந்த வெளியில் நின்றது. கொத்தனார் ஒருவர் வந்திருந்தார். வாசலுக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, உயரத்தில் புது இரும்பு உத்தரம் ஏற்றியாயிற்று. பழைய லிண்டலின் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளியிருந்தார். உள்ளே இருந்த கம்பிகள் மட்டும் வாசலுக்குக் குறுக்கே நின்றன. ஊரில் எல்லோரும் இரண்டு போடும் இடத்தில் அண்ணன் நாலு போட்டிருந்தார். கட்டுக்கம்பியில் அவர் போட்ட முடிச்சு இன்னும் இருந்தது. அண்ணன் எப்போதும் இடது கை முடிச்சுதான் போடுவார்.

வெல்டர் ஏணியில் ஏறினார். மெஷினை ஓட விட்டார். வட்டு முதல் கம்பியைத் தொடுவதற்குள் கை நின்றுவிட்டது.

அண்ணி கீழே நின்றுகொண்டிருந்தாள். "ஏன் நிறுத்தற?"

"அண்ணன் போட்டது அண்ணி."

"தெரியும். அவர் கம்பி கட்ட, சிமெண்டு கலந்து குடுத்தது நான். இதைக் காப்பாத்தத்தானே அதை வெட்டினீங்க ரெண்டு பேரும்?" அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு உன் கை நடுங்கலல்ல. இன்னைக்கும் நடுங்கக் கூடாது. வெட்டு."

அவர் வெட்டினார். நாலு கம்பி, எட்டு வெட்டு. முகத்தில் தீப்பொறி பறந்ததால் அவர் அழுததைக் கொத்தனார் கவனித்திருக்க மாட்டார். அண்ணி கவனித்தாள். வெட்டின முனைகளை அவர் தேய்த்து வழவழப்பாக்கப் போனபோது, "வேண்டாம், வெட்டினது தெரியட்டும்" என்றாள்.

இடிபாட்டைக் கூட்டித் தள்ளியதும் அண்ணி வண்டியில் ஏறினாள். பெல்ட்டை மாட்டினாள். "உள்ள போய் நின்னு கை காட்டு" என்றாள். வெல்டர் ஷெட்டுக்குள் சுவரோரமாகப் போய் நின்றார். பக்கெட் முழங்கால் உயரத்தில் வர, வண்டி மெதுவாக வாசலுக்குள் நுழைந்தது. வளைவு நிமிர்ந்து நின்றபடியே புது உத்தரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு உள்ளே வந்தது. அண்ணி பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்து எஞ்சினை நிறுத்தினாள். இறங்கவில்லை.

"உன்மேல இருக்கற கோவம் போகல தம்பி. போகுமான்னும் தெரியல."

வெல்டர் தலையாட்டினார்.

"சின்ன வயசுல நீ பொய் சொன்னா காது சிவக்கும். பாத்ததும் கண்டுபிடிச்சிருவேன். பேசாமயே இருந்தா சிவக்காதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு." அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இனிமே ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வா. இந்த வளைவோட நட்டெல்லாம் முறுக்கா இருக்கான்னு பாத்துட்டுப் போ."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெல்டர் ஞாயிறு வரை பொறுக்கவில்லை. வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து வண்டிக்குப் பின்னால் முட்டி போட்டார். மொத்தம் எட்டு நட்டு. எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்தன. இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஸ்பேனரை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். அவர் எட்டாவதை முடித்து எழுந்திருக்கும் வரை அண்ணி சீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.